கட்டையும் கிளிக்கும்: வீட்டு ஸ்டூடியோவுக்கு எந்த மென்பொருள்?

வீட்டில் ஓர் அறையை ஒழித்து, மைக் வாங்கி, பாட்டுப் பதிவு செய்ய நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த சாஃப்ட்வேர்ல சவுண்டு நல்லா வரும்?" என்பதுதான். கடைக்காரர் ஒரு பெயரைச் சொல்வார், கீபோர்டு வாசிக்கும் நண்பர் இன்னொன்றைச் சொல்வார், யூட்யூபில் பார்த்தால் பத்துப் பேர் பத்தைச் சொல்வார்கள். எல்லோரும் பதில் சொல்லிவிடுகிறார்கள். கேள்வி சரிதானா என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

சவுண்டு மென்பொருளில் இல்லை. இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே ஸ்டீரியோ வேவ் ஃபைலை ரீப்பரிலும் க்யூபேஸிலும் தனித்தனியாகப் போட்டு, அளவுகள் எதையும் மாற்றாமல் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். வெளியே வந்த இரண்டையும் ஒரே ப்ராஜெக்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து, ஒன்றின் போலாரிட்டியைத் தலைகீழாக்கி ஓட்டினால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும், எதுவும் கேட்காது. இன்றைய மென்பொருள்கள் எல்லாமே உள்ளுக்குள் 32 அல்லது 64 பிட் ஃப்ளோட்டில்தான் கூட்டிக் கழிக்கின்றன. கூட்டல் எங்கே செய்தாலும் கூட்டல்தான்.

பிறகு ஏன் இவ்வளவு பேர் "அதுல போட்டா கனமா கேக்குது" என்று சத்தியம் செய்கிறார்கள்? பெரும்பாலும் பேன் லா என்ற ஒரு சின்ன அமைப்பின் வேலை அது. மோனோ ட்ராக்கை நடுவில் வைத்தால் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒலித்துச் சத்தம் கூடுமே என்று க்யூபேஸ் தானாகவே 3 டெசிபல் குறைத்துவிடும். ரீப்பர் குறைக்காது, நாம் போய் அமைப்பை மாற்றினால்தான் உண்டு. அதே பாடகர், அதே மைக், அதே டேக். ஆனால் ரீப்பரில் குரல் 3 டெசிபல் தூக்கலாகக் கேட்கும். தூக்கலாகக் கேட்பதை நல்லது என்று எடுத்துக்கொள்வது காதின் சுபாவம். அதை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறார்கள்.

ஆக, தேர்வு செய்ய வேறு அளவுகோல்கள் வேண்டும். என் பார்வையில் கேட்க வேண்டியவை இவை: இந்த மென்பொருள் இசை என்று எதை நினைத்துக்கொண்டு கட்டப்பட்டது, அது நம் பாட்டுக்கு ஒத்து வருமா; நம்மிடமிருந்து ஃபைலை வாங்குகிறவர் அதை எதில் திறப்பார்; இதை விற்கும் கம்பெனி பத்து வருஷம் கழித்தும் இருக்குமா. விலை நான்காவதாகத்தான் வருகிறது. ஏனென்றால் இன்று காசே கொடுக்காமலும் உருப்படியான ஒன்றை எடுத்துக்கொள்ள முடியும்.

முதல் கேள்விக்குப் பதில் வரலாற்றில் இருக்கிறது. இன்று எல்லா மென்பொருளும் எல்லா வேலையும் செய்யும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. ஓரளவு உண்மைதான். ஆனால் பிறந்த வீட்டுப் புத்தி போகவில்லை.

ப்ரோ டூல்ஸ் டேப் வம்சம். கலிஃபோர்னியாவில் பீட்டர் காட்சரும் இவான் ப்ரூக்ஸும் 1984-ல் தொடங்கிய கம்பெனி முதலில் ட்ரம் மெஷின்களுக்கான ஒலிச் சில்லுகளை விற்றது. டிஜிடிசைன் என்ற பெயரோடு 1989-ல் சவுண்ட் டூல்ஸ், 1991-ல் நான்கு ட்ராக்குகளோடு ப்ரோ டூல்ஸ் என்று வளர்ந்து, 1995-ல் ஆவிட் கைக்குப் போனது. டேப் மெஷினையும் மிக்ஸிங் கன்சோலையும் திரைக்குள் கொண்டுவருவதே அதன் நோக்கம். அதனால் இன்றும் ஆடியோவை வெட்டுவதும் ஒட்டுவதும், டேக்குகளுக்கு நடுவே பஞ்ச்-இன் செய்வதும் அதில் கை பழகியவருக்கு மின்னல் வேகம். கீபோர்டில் ப்ரோக்ராமிங் செய்வது அதற்குப் பிற்பாடு கற்றுக்கொண்ட வித்தை, அது தெரியவும் செய்கிறது.

க்யூபேஸும் லாஜிக்கும் சீக்வென்சர் வம்சம். இரண்டும் ஜெர்மனியில், அட்டாரி எஸ்.டி. கம்ப்யூட்டரில் பிறந்தவை. 1985-ல் வந்த அந்தக் கம்ப்யூட்டரில் மிடி இணைப்பு உடம்போடு ஒட்டி வந்ததுதான் காரணம். ஹாம்பர்க்கில் கார்ல் ஸ்டைன்பெர்க்கும் மான்ஃப்ரெட் ருயூரப்பும் தொடங்கிய கம்பெனி 1989-ல் க்யூபேஸை வெளியிட்டது. சி-லேப் என்ற இன்னொரு ஜெர்மன் குழுவின் நொட்டேட்டரிலிருந்து, பிறகு இமேஜிக் என்ற பெயரில், லாஜிக் வந்தது. இவற்றில் முதலில் ஒலியே கிடையாது. எந்த ஸ்வரத்தை எப்போது எவ்வளவு அழுத்தி வாசிக்க வேண்டும் என்ற கட்டளைகள் மட்டும்தான். ஆர்கெஸ்ட்ரேஷன் எழுதுகிறவர்களும் சினிமாவில் ரீ-ரெக்கார்டிங் செய்கிறவர்களும் இன்றும் இந்த இரண்டையே சுற்றுவதற்கு அதுதான் அடிப்படை.

மூன்றாவது வம்சத்துக்கு லூப்தான் மூலம். பெல்ஜியத்தில் இமேஜ்-லைன் கம்பெனிக்காக டிடியே டாம்ப்ரான் எழுதிய ஃப்ரூட்டிலூப்ஸ் 1990-களின் கடைசியில் வந்தது. ஒரு வரிசையில் பதினாறு கட்டம், வேண்டிய கட்டத்தில் தட்டினால் அங்கே அடி விழும். அதுதான் 2003-லிருந்து எஃப்.எல். ஸ்டூடியோ. பெர்லினில் கெர்ஹார்ட் பேல்ஸும் ராபர்ட் ஹென்கேயும் தங்கள் மேடைக் கச்சேரிகளுக்குத் தேவைப்பட்ட கருவியை யோசித்ததிலிருந்து 2001-ல் ஏபிள்டன் லைவ் வந்தது. சின்னச் சின்னத் துண்டுகளைத் தனித்தனியே எழுப்பி, அடுக்கி, மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கும் செஷன் வியூ அதன் உயிர். பாட்டு எங்கே போகப் போகிறது என்று தெரியாமல் உட்காருகிறவருக்கு இதைப் போல வேறு கிடையாது. எல்லாம் முடிவு செய்துகொண்டு பாட மட்டும் உட்காருகிறவருக்கு அந்தப் பக்கமே தேவைப்படாது.

பின்னால் வந்த ஸ்டூடியோ ஒன் 2009-ல் ஸ்டைன்பெர்க்கிலிருந்து வெளியேறியவர்கள் எழுதியது. பிட்விக் 2014-ல் ஏபிள்டனிலிருந்து வெளியேறியவர்கள் எழுதியது. ஒன்று க்யூபேஸின் தம்பி, மற்றது லைவின் தம்பி. இவற்றைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

ரீப்பர் எந்த வம்சத்திலும் சேராது. விண்ஆம்ப் எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கல், தன் கம்பெனியை ஏ.ஓ.எல்.-லுக்கு விற்று, பிறகு அங்கிருந்தும் வெளியேறி எழுதியது. முதல் பொதுப் பதிப்பு 2005 கடைசியில் வந்தது. இன்றும் மிகச் சின்னக் குழுதான். டவுன்லோடு செய்தால் சில பத்து எம்.பி.-க்குள் முடிந்துவிடும்; மற்றவை ஜி.பி. கணக்கில் கேட்கும்போது இது மரியாதைக்குரிய விஷயம். முகம் அழகில்லை. உள்ளே பியானோ, வயலின் என்று எந்த வாத்தியமும் வராது. இந்த இரண்டு குறையையும் பொறுத்துக்கொண்டால் வேறு குறை கண்டுபிடிக்கக் கஷ்டப்பட வேண்டும்.

இனி நம் பாட்டு. இங்கேதான் இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகள் எல்லாம் கைவிட்டுவிடுகின்றன. அவை பீட் செய்கிறவருக்கும் ராக் பேண்டுக்கும் எழுதப்பட்டவை. தமிழ் வீடுகளில் பதிவாகும் பாட்டு பெரும்பாலும் குரலைச் சுற்றி நிற்பது. பக்திப் பாட்டு, கிறிஸ்தவ கீர்த்தனை, மெல்லிசை, கச்சேரி உருப்படி, பழைய சினிமாப் பாட்டின் மறுபதிப்பு என்று எதை எடுத்தாலும் நடுவில் ஒரு தொண்டை இருக்கிறது. அது ஒரு சுருதியில் நிற்கிறது. ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு அது குதிப்பதில்லை, வழுக்கிக்கொண்டு போகிறது.

ஆனால் மென்பொருளைத் திறந்ததும் வருவது நிமிஷத்துக்கு 120 அடி, நாலுக்கு நாலு என்ற கட்டம். பெரும்பாலானவற்றில் இதுதான் தொடக்க நிலை. ஆதி தாளத்துக்கு இதில் கஷ்டமில்லை, இரண்டு பார் ஓர் ஆவர்த்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். மிஸ்ர சாபுவுக்கு 7/8, கண்ட சாபுவுக்கு 5/8 என்று மாற்றிக்கொள்ள எல்லா மென்பொருளும் விடும். சிக்கல் நடையில் ஆரம்பிக்கும். திஸ்ர நடைக்கு ட்ரிப்லெட் க்ரிட் எங்கும் உண்டு. கண்ட நடைக்கு ஓர் அடியை ஐந்தாகப் பிரிக்கும் க்ரிட் எல்லா இடத்திலும் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்காது. ரீப்பரில் க்ரிட் பெட்டியில் 1/20 என்று தட்டினால் கால் நோட்டு ஐந்தாகப் பிரிந்துவிடும், மிருதங்கத்தின் தகதகிட கோட்டில் வந்து உட்காரும். இப்படிப்பட்ட ஒரு வசதியை எந்த விளம்பரத்திலும் பார்க்க முடியாது. தனி ஆவர்த்தனம் எடிட் செய்கிறவருக்கு இதுதான் பிராணன்.

விருத்தமோ ஆலாபனையோ என்றால் தாளமே கிடையாது. கிளிக்கை அணைத்துவிட்டுப் பாட வேண்டியதுதான் என்று தோன்றும். அப்படியே பாடி, பிறகு தாளத்தோடு வரும் பல்லவிக்காக டெம்போவை 120-லிருந்து 76-க்கு மாற்றினால், ரீப்பரில் அதுவரை பாடிய விருத்தம் முழுக்க இழுபட்டு மெதுவாகிவிடும். மென்பொருளின் கோளாறு இல்லை இது. ஆடியோ துண்டுகள் அடியோடு கட்டப்பட வேண்டும் என்று அது தொடக்கத்திலேயே நினைத்துக்கொண்டிருக்கிறது. ப்ராஜெக்ட் அமைப்பில் டைம்பேஸ் என்ற இடத்தில் 'பீட்ஸ்' என்பதை 'டைம்' என்று மாற்றிவிட்டால் பாடியது பாடிய இடத்திலேயே நிற்கும். எதை வாங்கினாலும் முதல் நாளே இப்படி ஒரு சோதனை செய்து பார்ப்பது நல்லது: தாளமில்லாமல் ஒரு நிமிஷம் பாடி, டெம்போவை மாற்றி, குரல் நகர்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது சுருதி. ஒரு கட்டை என்றால் சி, ஐந்து கட்டை என்றால் ஜி என்று கணக்கு வைத்துக்கொண்டு கீபோர்டில் தம்புராவுக்குப் பதில் ஒரு பேட் ஒலியை ஓடவிட்டுப் பாடுவது இன்றைய வழக்கம். ஸ, ப மட்டும் பிடித்தால் பிழையில்லை. பஞ்சமத்தின் இயற்கையான இடம் 702 சென்ட், கீபோர்டில் 700. இரண்டு சென்ட் வித்தியாசம் யாருக்கும் கேட்காது. ஆனால் சங்கராபரணத்தில் பாடும்போது அந்தப் பேடில் மேஜர் கார்டு வைத்தால் காந்தாரம் இடிக்கும். தம்புராவோடு இழைந்து நிற்கும் அந்தர காந்தாரம் 386 சென்ட். கீபோர்டின் காந்தாரம் 400. பாடகி சரியாகத்தான் பாடுகிறார், ஆனால் ஃப்ளாட்டாகக் கேட்கிறதே என்று ரெக்கார்டிங் செய்கிறவர் குழம்புகிற இடம் இது.

இதற்கு வழி வைத்திருக்கும் மென்பொருள்கள் உண்டு. லாஜிக்கில் ப்ராஜெக்ட் அமைப்பிலேயே பன்னிரண்டு ஸ்வரத்தையும் சென்ட் கணக்கில் தனித்தனியாக நகர்த்தலாம், அதன் சொந்த வாத்தியங்கள் அதைக் கேட்டு நடக்கும். 2024-ல் வந்த லைவ் 12 ட்யூனிங் சிஸ்டம்களை முழுமையாகவே உள்ளே கொண்டுவந்தது. மற்றவற்றில் எம்.டி.எஸ்.-இ.எஸ்.பி. மினி என்ற இலவச ப்ளக்-இன்னை வைத்து, அதற்குக் கட்டுப்படும் சின்தசைசர்களை மட்டும் ட்யூன் செய்துகொள்ளலாம். இத்தனையும் வேண்டாம் என்றால் கார்டை எடுத்துவிட்டுத் தம்புராவைப் பதிவு செய்துகொள்வது இன்னும் சுலபம். நம் பாட்டுக்கு அதுதான் அழகும்கூட.

சுருதி சேர்க்கும் வேலையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டு ஸ்டூடியோவில் அதிகம் கெடுவது அங்கேதான். சுருதி சேர்க்கும் கருவிகளில் இரண்டு ரகம். 1997-ல் ஆன்டாரெஸ் கொண்டுவந்த ஆட்டோ-ட்யூன் பாடப் பாடப் பக்கத்து ஸ்வரத்துக்கு இழுத்துவிடும். செலிமோனியின் மெலடைன் பாடி முடித்ததைப் படமாக வரைந்து காட்டி, நம் கையால் நகர்த்த விடும். முதல் ரகத்தை வேகமாக வைத்து கமகத்தின் மேல் ஓடவிட்டால் படிக்கட்டு மாதிரி உடைந்து உடைந்து கேட்கும். மேற்கத்திய பாப்பில் அது ஒரு பாணி. நம்மிடமும் சில பாட்டுகளில் வேண்டுமென்றே வைக்கிறார்கள், அது வேறு.

மெலடைனில் தோடியைத் திறந்து பார்த்தால் விஷயம் புரியும். தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்கும் ஸ்வரமே இல்லை. ரிஷபத்தின் பக்கமிருந்து மத்தியமத்தின் பக்கம்வரை ஊசலாடுகிறது. மெலடைன் இதைச் சில சமயம் ஒரே குமிழாகவும், சில சமயம் மூன்று நான்காக வெட்டியும் காட்டும். வெட்டியிருந்தால் முதலில் அந்த வெட்டுகளை நீக்கி ஒன்றாக்க வேண்டும். பிறகு மையத்தை மட்டும் நகர்த்தும் கருவியால் மொத்தக் குமிழையும் கொஞ்சம் மேலேயோ கீழேயோ தள்ளலாம். அலையின் உயரத்தைக் குறைக்கும் மாடுலேஷன் கருவியைத் தொடவே கூடாது. தொட்டால் அலை தட்டையாகும், தோடி போய்விடும், மிஞ்சுவது பெயர் தெரியாத ஒரு ஸ்கேல். எல்லாவற்றையும் செலக்ட் செய்து பக்கத்து ஸ்வரத்துக்கு ஒட்டவைக்கும் பொத்தான் இருக்கிறதே, அது தமிழ்ப் பாட்டுக்காக வைக்கப்பட்டதல்ல என்று நினைத்துக்கொள்வது உத்தமம்.

சுருதி சேர்க்கும் வசதி எதில் உள்ளேயே வருகிறது என்பது பாடகர்களுக்குப் பெரிய விஷயம். க்யூபேஸ் ப்ரோவில் வேரிஆடியோ உண்டு. லாஜிக்கில் 2013 முதல் ஃப்ளெக்ஸ் பிட்ச். எஃப்.எல். ஸ்டூடியோவின் மேல்நிலைப் பதிப்புகளில் நியூடோன். ரீப்பரில் இருக்கும் ரீட்யூன் பேருக்குத்தான். மெலடைனைத் தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டும், ஆனால் சேர்த்தால் ஏ.ஆர்.ஏ. என்ற இணைப்பு வழியாக உடன்பிறந்தது போல உள்ளே உட்கார்ந்துவிடும். லைவ், 12.1 பதிப்பில் ஆட்டோ ஷிஃப்ட் என்று ஒன்றைக் கொடுத்தது. அது முதல் ரகம், பாடப் பாட இழுப்பது. கர்நாடக சங்கீதம் பாடுகிறவர் அதை நம்பி லைவ் வாங்க வேண்டாம்.

நல்ல டேக்குகளைத் துண்டு துண்டாகப் பொறுக்கி ஒரே டேக்காகச் சேர்க்கும் காம்பிங் வேலையும் இப்படித்தான். ஆறு முறை பாடி, பல்லவிக்கு மூன்றாவது, அனுபல்லவிக்கு ஐந்தாவது என்று விரலால் இழுத்துத் தேர்ந்தெடுப்பதில் லாஜிக் வெகுகாலமாக முன்னால் நிற்கிறது. லைவுக்கு அது 2021-ல்தான் வந்தது. ரீப்பர் 2023-ல் வந்த ஏழாம் பதிப்பில் லேன்கள் வழியாக ஈடுகட்டியது. பாடகருக்கு இது ஆயிரம் லூப்பை விட உபயோகமானது.

கம்ப்யூட்டர் பற்றிக் கொஞ்சம். லாஜிக்கும் கராஜ்பேண்டும் ஆப்பிளில் மட்டும். கேக்வாக் விண்டோஸில் மட்டும். லினக்ஸ் வைத்திருப்பவருக்கு ரீப்பர், பிட்விக், பால் டேவிஸ் தொடங்கிய ஆர்டர் என்று உண்டு. மற்றவை ஆப்பிளிலும் விண்டோஸிலும் ஓடும். லாஜிக்குக்காக மேக் வாங்கலாமா என்று கேட்பார்கள். கையில் பணமிருந்து, முழுநேரமாக இதையே செய்யப் போகிறவர் வாங்கலாம். ஏற்கெனவே ஒரு நல்ல விண்டோஸ் லேப்டாப் இருந்தால் அந்தப் பணத்தை மைக்கிலும், அறையின் எதிரொலியை அடக்குவதிலும் போடுவதே புத்திசாலித்தனம்.

விண்டோஸில் வருகிற முதல் புகார் "பாடுறது ஹெட்போன்ல லேட்டா கேக்குது". இதற்காக மென்பொருளை மாற்றுகிறவர்கள் உண்டு. மாற்றினால் போகாது. ஒலி கம்ப்யூட்டருக்குள் சின்னச் சின்னக் கட்டுகளாகப் போகிறது. 48,000 சாம்பிள் வேகத்தில் ஒரு கட்டு 1024 சாம்பிள் என்றால் 21 மில்லி செகண்ட், 128 என்றால் மூன்றுக்கும் குறைவு. உள்ளே போகவும் வெளியே வரவும் சேர்த்து இரண்டு மடங்கு, அதன் மேல் கன்வர்ட்டர் எடுக்கும் நேரம். காற்றில் ஒலி ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லி செகண்ட் ஆகும் என்பதால், 21 மில்லி செகண்ட் தாமதத்தில் பாடுவது ஏழு மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்பீக்கரைக் கேட்டுப் பாடுவதற்குச் சமம். போக வரக் கணக்கிட்டால் பதினான்கு. பாடும்போது கட்டின் அளவைச் சிறிதாக்கு, மிக்ஸிங் போது பெரிதாக்கு என்பதே வழி. ஆடியோ இன்டர்ஃபேஸோடு வரும் ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவரைப் போட வேண்டும். லேப்டாப்பின் சொந்த சவுண்டு கார்டை நம்பினால் எந்த மென்பொருளும் திணறும். பெரும்பாலான இன்டர்ஃபேஸ்களில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் குரல் கம்ப்யூட்டருக்குள் போகாமலே காதுக்கு வந்துவிடும். பிரச்சினை அதோடு முடிந்தது.

அந்த இன்டர்ஃபேஸ் பெட்டிக்குள் ஒரு மென்பொருளின் சின்னப் பதிப்பும் சும்மா வரும். க்யூபேஸ் ஏ.ஐ., லைவ் லைட் போன்றவை இப்படித்தான் வீடுகளுக்குள் நுழைகின்றன. ட்ராக் எண்ணிக்கையில் கஞ்சத்தனம் இருக்கும், ஆனால் ஒரு குரல், ஒரு தம்புரா, ஒரு வயலின், ஒரு மிருதங்கம் என்று பதிவு செய்ய அதுவே போதும். புதிதாகத் தொடங்குகிறவர் முதல் வருஷம் அதிலேயே ஓட்டலாம்.

விலைக்கு வருவோம். லாஜிக் 2011 முதல் 200 டாலர், ஒருமுறை கட்டினால் போதும், 2013-க்குப் பிறகு பதிப்பு மாறும்போது கூடுதல் காசு கேட்டதில்லை. எஃப்.எல். ஸ்டூடியோவும் வாழ்நாள் முழுக்க அப்டேட் இலவசம் என்ற வாக்கை இத்தனை வருஷமாகக் காப்பாற்றி வருகிறது. ஆனால் அதன் மலிவான ஃப்ரூட்டி பதிப்பில் குரலைப் பதிவு செய்ய முடியாது. பாடுகிறவர் ப்ரொட்யூசர் பதிப்புக்குத்தான் போக வேண்டும். தெரியாமல் வாங்கிவிட்டுத் தலையில் கை வைத்தவர்கள் இருக்கிறார்கள். ரீப்பர் 60 டாலர், தனிநபருக்கும் வருஷ வருமானம் 20,000 டாலரைத் தாண்டாத சின்னத் தொழிலுக்கும். தாண்டினால் 225. 60 நாள் சோதனைக் காலம் முடிந்தாலும் அது பூட்டிக்கொள்வதில்லை, வாங்கிவிடுங்கள் என்று திறக்கும்போதெல்லாம் நினைவூட்டுகிறது. அந்த நாகரிகத்தைச் சுரண்டுவது ஆளின் மனசாட்சியைப் பொறுத்தது.

க்ராக் பதிப்பு பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பாதி ஸ்டூடியோ அதில்தான் தொடங்குகிறது. அறம் ஒரு பக்கம் இருக்கட்டும். க்ராக் செய்தவன் அதோடு வேறு எதைச் சேர்த்து அனுப்பினான் என்பது தெரியாது, ஒரு விண்டோஸ் அப்டேட்டில் ப்ளக்-இன்கள் படுத்துவிட்டால் பாதி முடிந்த பாட்டு திறக்காது, கேட்கவும் ஆளில்லை. 60 டாலருக்கு நேர்மையான ஒன்று இருக்கும்போது இந்தத் தலைவலி எதற்கு.

கம்பெனி நிலைக்குமா என்ற கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2002-ல் ஆப்பிள் இமேஜிக்கை வாங்கியதும் லாஜிக்கின் விண்டோஸ் பதிப்பு நின்றுபோனது. விண்டோஸில் வருஷக்கணக்கில் பாட்டு செய்தவர்கள் தெருவில் நின்றார்கள். மிடியையும் ஆடியோவையும் ஒரே திரையில் முதலில் சேர்த்தது ஆப்கோட் கம்பெனியின் ஸ்டூடியோ விஷன். கிட்டார் செய்யும் கிப்சன் 1998-ல் அந்தக் கம்பெனியை வாங்கி, மறு வருஷமே வளர்ச்சியை நிறுத்திவிட்டது. அதே கிப்சன் 2013-ல் கேக்வாக்கை வாங்கி, 2017 நவம்பரில் கைவிட்டது. வாழ்நாள் அப்டேட் என்று பணம் கட்டியவர்களுக்கு மென்பொருளின் வாழ்நாள்தான் முடிந்தது. நல்ல வேளையாக 2018-ல் சிங்கப்பூரின் பேண்ட்லேப் அதை எடுத்து இலவசமாகவே கொடுத்தது. பிறகு அதிலும் மாற்றங்கள் வந்து, இப்போது சோனார் என்ற பழைய பெயரில் ஓர் இலவசப் பதிப்பு நடக்கிறது. ஆவிட் ப்ரோ டூல்ஸைச் சந்தாவுக்குத் தள்ளியது. சந்தாவை நிறுத்தினால் பழைய ப்ராஜெக்டைத் திறக்கவே வழி தேட வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரே மருந்துதான். பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு ட்ராக்கையும் முதல் நொடியிலிருந்து கடைசிவரை ஒரே நீளத்தில், எஃபெக்ட் இல்லாமல் ஒன்று, எஃபெக்டோடு ஒன்று என்று 24 பிட் வேவ் ஃபைலாக எடுத்து, டெம்போவையும் கட்டையையும் ஃபோல்டரின் பெயரிலேயே எழுதி வைப்பது. 48,000 சாம்பிளில் ஒரு மோனோ ட்ராக் நிமிஷத்துக்கு 9 எம்.பி.-க்கும் குறைவு. ஐந்து நிமிஷப் பாட்டில் இருபது மோனோ ட்ராக் இருந்தாலும் இரண்டு வகையும் சேர்த்து இரண்டு ஜி.பி.-க்குள் அடங்கும். பிட்விக்கும், ஸ்டூடியோ ஒன்னை வெளியிட்ட ப்ரிசோனஸும் 2023-ல் டாப்ராஜெக்ட் என்ற பொது வடிவத்தைக் கொண்டுவந்தன, க்யூபேஸும் பதினான்காம் பதிப்பிலிருந்து அதை ஏற்கிறது. நல்ல முயற்சி. இருந்தாலும் வேவ் ஃபைலை நம்புகிற அளவுக்கு அதை நான் இன்னும் நம்பவில்லை.

வேவ் ஃபைல்கள் கொடுத்தால் போதும் என்பதாலேயே, சினிமாக்காரர்களோடு வேலை செய்ய ப்ரோ டூல்ஸ் கட்டாயம் என்ற பழைய அச்சமும் பாதி அர்த்தமிழந்துவிட்டது. சென்னையில் படத்தின் இறுதி மிக்ஸிங் ப்ரோ டூல்ஸில் நடப்பது உண்மை. ஆனால் அங்கே போகும் இசை எங்கே உருவாகிறது என்பது இசையமைப்பாளரின் விருப்பம். ஏ.ஆர். ரஹ்மான் லாஜிக் பயன்படுத்துகிறவராக அறியப்பட்டவர். 1992-ல் 'ரோஜா' வந்த காலத்தில் அவர் வேலை செய்த பஞ்சதன் ரெக்கார்டு இன் வீட்டோடு ஒட்டியதுதான் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். ரெக்கார்டிங் இன்ஜினியராக ஸ்டூடியோவில் சம்பளத்துக்குச் சேர விரும்புகிறவர் மட்டும் ப்ரோ டூல்ஸ் கற்றுத்தான் ஆக வேண்டும். அவருக்கு எட்டு ஆடியோ ட்ராக்குகளோடு 2022-ல் வந்த இலவச இன்ட்ரோ பதிப்பு பயிற்சிக்கு உதவும்.

என் பரிந்துரையை மறைக்கத் தேவையில்லை. விண்டோஸ் வைத்துக்கொண்டு குரலும் வாத்தியமும் பதிவு செய்கிறவருக்கு ரீப்பர், கையில் காசு சேர்ந்ததும் மெலடைன். மேக் வைத்திருப்பவருக்கு முதலில் கராஜ்பேண்ட், அது போதாமல் போகும் நாளில் லாஜிக். கராஜ்பேண்டில் செய்தது லாஜிக்கில் அப்படியே திறக்கும். ராப்பும் கானா பீட்டும் செய்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு எஃப்.எல். ஸ்டூடியோ எடுக்கலாம், நண்பர்களில் பாதிப் பேர் அதில்தான் இருப்பார்கள், சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடைக்கும். ரீ-ரெக்கார்டிங், பெரிய ஆர்கெஸ்ட்ரா என்றால் க்யூபேஸ். ஒலியோடு விளையாட வேண்டும், மேடையிலும் லேப்டாப் வைத்து வாசிக்க வேண்டும் என்றால் லைவ். ஃபோன் மட்டும்தான் இருக்கிறது என்றால் பேண்ட்லேப் ஆப். வெறும் பேச்சு, பாடம், பாராயணம் பதிவு செய்ய ஆடாசிட்டி போதும். வாத்தியம் வாசிக்க அதைத் தேர்ந்தெடுப்பது மட்டும் வேண்டாத வம்பு.

எதை எடுத்தாலும் ஆட்டோ-சேவ் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்து வையுங்கள். நம் ஊர் கரண்டுக்கு அது ப்ளக்-இன்னை விட முக்கியம். ஃபேனை அணைத்துவிட்டுத்தான் பாட முடியும் என்பதால் ஒவ்வொரு டேக்கும் வியர்வையில் எடுத்தது, அதை இழக்க யாருக்கும் மனம் வராது.

வாங்குவதற்கு முன் சோதனைப் பதிப்புகள் இருக்கின்றன. லாஜிக்குக்கு 90 நாள், ரீப்பருக்கு 60, லைவுக்கு 30, எஃப்.எல். ஸ்டூடியோவுக்குக் கெடு கிடையாது, ஆனால் வாங்கும்வரை சேமித்ததைத் திரும்பத் திறக்க விடாது. இரண்டை எடுத்துக்கொண்டு ஒரே பாட்டை இரண்டிலும் முழுசாக முடியுங்கள்: தம்புரா, ஆறு டேக் குரல், காம்பிங், ஒரு ரிவெர்ப், எக்ஸ்போர்ட். எதில் மெனுவைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் குறைவோ அதை வாங்கிவிட்டு, மற்றதை அன்றைக்கே அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள்.